பழைய இழைப்புளி: வாங்குமுன் எதைப் பார்ப்பது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பழைய தச்சுக் கருவிகளைப் பற்றித்தான், அதிலும் மரம் சீவும் இழைப்புளிதான் அதிகம். அதனால் மற்றவற்றை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: யாரோ பயன்படுத்திய இரும்பு இழைப்புளி ஒன்று விலைக்கு வருகிறது. முழுக்கத் துரு. விற்பவர் “கொஞ்சம் தேய்த்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்” என்கிறார். கையில் எடுத்துப் பார்க்க ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அதற்குள் எதைப் பார்ப்பது?

பதில்: துருவை முதலில் மறந்துவிடுங்கள். மேலாகப் படிந்த துருவை எடுப்பது ஒரு சாயங்கால வேலை. அதைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்க்கலாம், அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்தில் தேட வேண்டியது வீட்டில் வைத்துச் சரிசெய்யவே முடியாத குறைகளை.

அதில் முதலாவது விரிசல். இழைப்புளியின் உடம்பு வார்ப்பிரும்பு. அது வளைந்து கொடுக்காது, கீழே விழுந்தால் விரியும், இல்லை உடையும். விரிசல் பெரும்பாலும் வாயின் மூலையிலிருந்து கிளம்பிப் பக்கச் சுவரில் ஏறும், ஏனென்றால் அடியில் குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும் அந்த இடம்தான் மொத்த உடம்பிலும் பலவீனமானது. அங்கே விரலால் துடைத்துவிட்டு வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தால், சுவரின் உள்பக்கத்திலும் அதே இடத்தில் கோடு ஓடுகிறதா பாருங்கள். இரண்டு பக்கமும் ஓடினால் அது கீறல் இல்லை, விரிசல்தான். கழற்ற விடுவார்கள் என்றால் பிளேடை எடுத்துவிட்டு, உடம்பை ஒரு விரலில் தொங்கவிட்டு ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டுங்கள். நல்ல வார்ப்பு கணீர் என்று ஒலிக்கும், விரிந்த வார்ப்பு பொத்தென்று அடங்கிவிடும். ஏதாவது ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் அப்படித்தான் கேட்கும் என்பதால் சத்தத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், கண்ணால் பார்த்ததோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒருமுறை பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்திருந்த ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பெயின்டைச் சுரண்டினால் வலது சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல், அதில் ஏதோ பசையை அடைத்து மேலே பூசி மெழுகியிருந்தார்கள். அன்றிலிருந்து துருப்பிடித்த கருவியைவிடப் புதுப் பெயின்ட் அடித்த கருவியிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

அடுத்து, பிளேடு சாய்ந்து உட்காரும் பீடம். ஃபிராக் என்பார்கள். அதையும், பிளேடை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் லீவர் மூடியையும் பாருங்கள். லீவர் மூடியின் கீழ் மூலைகள் உடைந்திருப்பது அடிக்கடி காணக்கூடியது. சின்னச் சில்லு போயிருந்தால் பாதகமில்லை, ஒரு பக்கமே போயிருந்தால் பிளேடு சமமாக அழுந்தாது. பின்னால் இருக்கும் பித்தளைச் சக்கரத்தைச் சுற்றுங்கள். அரைச் சுற்று, முக்கால் சுற்று சும்மா சுழன்ற பிறகே பிளேடு நகரத் தொடங்கினால் கவலை வேண்டாம், பழைய கருவிகளில் அது சகஜம். சக்கரம் இறுகிக் கிடந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். பல மாதிரிகளில் அதன் மறை இடதுபக்கமாகச் சுற்றுவது, வழக்கமான திசை என்று நினைத்து முறுக்கி உடைத்தவர்கள் உண்டு.

பிளேடில் இரண்டு பார்க்க வேண்டும். நீளம் எவ்வளவு மிச்சமிருக்கிறது? நடுவில் ஒரு நீள்துளை இருக்கும். அதன் கீழ்முனைக்கும் கூர்முனைக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்குக் கீழே போய்விட்டால் அது ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல பழைய பிளேடுகளில் முனைப் பக்கத்தை மட்டும்தான் கடினப்படுத்தியிருப்பார்கள், அது தேய்ந்து முடிந்தால் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. இரண்டாவது, முதுகுப்பக்கம், அதாவது சரிவு இல்லாத தட்டையான பக்கம். கூர்முனையை ஒட்டி ஆழமான அரிப்புக் குழிகள் இருக்கின்றனவா? கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. ஒரு பரப்பில் குழி இருந்தால் கோட்டில் பல் விழும், அந்தப் பல் மரத்தில் கோடு கிழிக்கும். முனையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நிலவு மாதிரிக் குழிகள் இருந்தால்கூட எனக்கு அக்கறையில்லை.

சரி, பிளேடு மோசம் என்பதற்காக மட்டும் விட்டுவிட வேண்டியதில்லை. 2 அங்குல அகலப் பிளேடு புதிதாகவே கிடைக்கிறது. தடித்த பிளேடாக வாங்கினால் மட்டும் வாய் போதாமல் போகலாம், ஆழத்தை நகர்த்தும் நாக்கு, பிளேடின் மேல் இறுக்கியிருக்கும் மேல்தகட்டை எட்டாமலும் போகலாம், எனவே பழையதன் தடிமனை அளந்துகொண்டு வாங்குங்கள்.

கடைசியாக ஸ்க்ரூக்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிவிடுங்கள். இது அற்பமாகத் தோன்றும். ஆனால் ஸ்டான்லி என்ற நிறுவனத்தின் மாதிரியில் வந்த இழைப்புளிகளில் பல ஸ்க்ரூக்களின் மறை அளவு இன்றைய சாதாரண ஸ்க்ரூ எதற்கும் பொருந்தாது. ஒரு ஸ்க்ரூவைத் தேடி இன்னொரு பழைய இழைப்புளியை வாங்கிய ஆசாமி இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: 3, 4, 5, 7 என்று எண் போட்டிருக்கிறதே, பெரிய எண் என்றால் உயர்ந்த தரமா?

பதில்: தரம் இல்லை, நீளம். 3 என்றால் சுமார் 8 அங்குலம், 4 என்றால் 9, 5 என்றால் 14, 6 என்றால் 18, 7 என்றால் 22, 8 என்றால் 24. குட்டையானது மேடுபள்ளத்தோடு இறங்கி ஏறிப் பரப்பை மழமழப்பாக்கும், நீளமானது பள்ளத்தைத் தாண்டி மேட்டை மட்டும் சீவி நேராக்கும். ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் 5. அது எல்லா வேலையையும் சுமாராகச் செய்யும். முதல் கருவியை நீங்களே சீர்செய்து பழகுவதாக இருந்தால் 4, காரணம் அடிப்பரப்பு சின்னது, கை வலி குறைவு.

கேள்வி: வினிகரில் ஊறப்போட்டால் துரு போகும் என்று கேள்விப்பட்டு முழு இழைப்புளியையும் அப்படியே மூன்று நாள் போட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் எல்லாம் கறுப்பாகிவிட்டது, பிளேடு சொரசொரப்பாக இருக்கிறது. பாழாக்கிவிட்டேனா?

பதில்: பாழாகவில்லை, ஆனால் மூன்று நாள் ரொம்ப அதிகம். வினிகரில் இருக்கும் அமிலம் துருவைக் கரைக்கும்போதே அடியில் இருக்கும் நல்ல இரும்பையும் மெல்லத் தின்னும். துரு தீர்ந்த பிறகும் ஊறினால் முழுப் பசியும் இரும்பின் மேல்தான். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பிரஷ் போட்டுப் பார்க்க வேண்டும், ஒரு ராத்திரிக்கு மேல் பொதுவாகத் தேவைப்படாது. இன்னொன்று, ஊறப்போடுமுன் எல்லாவற்றையும் கழற்றியிருக்க வேண்டும். பித்தளையும் இரும்பும் ஒரே அமிலத்தில் ஒன்றாகக் கிடப்பது இரண்டுக்கும் நல்லதில்லை, மரப்பிடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: தண்ணீரில் அலசி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் சில நிமிடம் போட்டு மிச்ச அமிலத்தை முறியுங்கள். உடனே துடைத்து, தலை உலர்த்தும் டிரையர் காட்டி, சந்து பொந்தில்கூட ஈரம் இல்லாமல் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். இந்த இடத்தில் சோம்பல்பட்டால் கண்ணெதிரேயே, பத்து நிமிடத்தில், ஆரஞ்சு நிறத்தில் புதுத்துரு பூக்கும். அந்தக் கறுப்புப் படலம் கம்பி நாரால் தேய்த்தால் போய்விடும், போகாவிட்டாலும் வேலைக்கு இடைஞ்சல் இல்லை. பிளேடின் சொரசொரப்பு முனையை ஒட்டிய பகுதியில் மட்டும் தீட்டுக்கல்லில் போனால் போதும்.

முதுகு முழுவதையும் கண்ணாடி மாதிரி ஆக்குகிறேன் என்று இறங்காதீர்கள். குழி கொஞ்சம் ஆழம் என்றால் ஒரு தந்திரம் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய ஸ்டீல் ஸ்கேலைக் கல்லின் ஒரு நீள விளிம்பில் வைத்து, பிளேடின் முதுகை அதன்மேல் சாய்த்து, முனை மட்டும் எதிர் விளிம்பில் கல்லைத் தொடும்படி வைத்துத் தேயுங்கள். கிடைக்கும் சாய்வு அரை டிகிரி போலத்தான் இருக்கும், ஆனால் முனையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் தேய்ந்து சுத்தமாகிவிடும். இதை இழைப்புளிப் பிளேடுக்கு மட்டும் செய்யுங்கள். உளிக்குச் செய்யவே கூடாது, உளியின் முதுகு மரத்தின் மேல் தட்டையாகப் படிந்து வழிகாட்ட வேண்டியது, அதில் சாய்வு வந்தால் வெட்டு நேராகப் போகாது.

அடுத்த முறை லேசான துரு என்றால் அமிலமே வேண்டாம், மண்ணெண்ணெயும் கம்பி நாரும் போதும். கெட்டித் துருவுக்குச் சலவைச் சோடாக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சும் முறை இருக்கிறது, நல்ல இரும்பைத் தின்னாது என்பது அதன் சிறப்பு. துருப்பிடித்த பாகம் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில், வேண்டாத ஓர் இரும்புத் துண்டு நேர்முனையில். அந்தத் துண்டு எவர்சில்வராக இருக்கவே கூடாது, நச்சான குரோமியச் சேர்மம் கரைசலில் கலக்கும். ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும் என்பதால் திறந்தவெளியில், நெருப்புக்குத் தள்ளி வைத்துச் செய்யுங்கள், கையை விடுமுன் சார்ஜரை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: பிளேடின் முனை உடைந்திருந்தது. மின்சாரச் சாணையில் பிடித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று ஒரு மூலை நீலமாகிவிட்டது. உடனே தண்ணீரில் முக்கிவிட்டேன். ஒன்றும் ஆகியிருக்காதே?

பதில்: ஆகிவிட்டது. நீல நிறம் தெரிந்த இடத்தில் உருக்கின் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பழைய பிளேடுகள் பெரும்பாலும் சாதாரணக் கார்பன் உருக்கு. சுமார் 220 டிகிரி செல்சியஸில் வெளிர் வைக்கோல் நிறம் காட்டும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். வைக்கோல் நிறம்வரை பெரிய நஷ்டம் இல்லை. நீலம் வந்த பிறகு தண்ணீரில் முக்கினாலும் போன கடினம் திரும்பாது, திடீர்க் குளிர்ச்சியில் முனையில் நுண்விரிசல் விழுந்தாலும் விழும்.

ஆனால் பாதிப்பு நிறம் மாறிய பகுதியில் மட்டும்தான். அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரை, இந்த முறை சூடேறாமல், தேய்த்து நீக்கிவிட்டால் அடியில் நல்ல உருக்கு இருக்கும். மறுபடி சாணை பிடிக்கும்போது வெறுங்கையால் பிளேடைப் பிடித்துக்கொண்டு ஆள்காட்டி விரலை முனைக்குப் பக்கத்தில் வைத்திருங்கள், கையுறை வேண்டாம். விரலுக்குச் சூடு பொறுக்கவில்லை என்றால் தண்ணீரில் முக்க நேரமாகிவிட்டது. முனை மெலிந்துகொண்டே வரும்போதுதான் ஆபத்து, மெல்லிய முனையில் சூடு தப்பிப் போக இடமில்லை. அதனால் உடைந்த முனையை முதலில் நேர்குத்தாக, மழுங்கலாகவே தேய்த்து நேர்க்கோடாக்குங்கள், பிறகு சரிவைத் தேய்த்து அந்த மழுங்கல் ஒரு நூலிழையாக மிஞ்சும்போது சாணையை நிறுத்திவிட்டு மீதியைக் கல்லில் முடியுங்கள். சாணையில் 25 டிகிரி, கல்லில் முனையை மட்டும் 30 டிகிரி. முதுகுப் பக்கம் விரலால் வருடினால் முழு அகலத்துக்கும் பிசிர் தட்டுப்பட வேண்டும். ஓரிடத்தில் பிசிர் இல்லை என்றால் அங்கே கூர் இன்னும் வரவில்லை. இதைப் பார்க்காமலே அடுத்த கல்லுக்குத் தாவுகிறவர்கள்தான் “எவ்வளவு தீட்டியும் வெட்டவில்லை” என்று எழுதுகிறார்கள்.

கேள்வி: அடிப்பரப்பை மட்டமாக்க உப்புத்தாளில் மூன்று மணி நேரம் தேய்த்தேன். இன்னும் நடுவில் பளபளக்காத இடங்கள் இருக்கின்றன. எப்போது நிறுத்தலாம்?

பதில்: ஒருவேளை இரண்டு மணி நேரம் முன்னாலேயே நிறுத்தியிருக்கலாம். அடிப்பரப்பில் மூன்று இடங்கள் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும்: மூக்கு, வாலின் முனை, வாய்க்கு நேர் முன்னால் இருக்கும் விளிம்பு. இந்த மூன்றாவதுதான் மிக முக்கியம், ஏனென்றால் பிளேடு நாரைத் தூக்கும் தருணத்தில் மரத்தை அழுத்திப் பிடிப்பது அந்த விளிம்புதான். அங்கே பள்ளமாக இருந்தால் நார் பிய்ந்து வரும். மற்ற இடங்களில் பள்ளம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பள்ளம் மரத்தைத் தொடாது. மேடு இருந்தால்தான் தொல்லை.

தடித்த கண்ணாடியில் 80 நம்பர் தாளை ஒட்டி, அடிப்பரப்பில் மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, பத்து இழுப்பு இழுத்துவிட்டு எந்தக் கோடு அழிந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வழக்கமான முறை. பலர் தவறவிடும் விஷயம், தேய்க்கும்போது பிளேடும் லீவர் மூடியும் வேலை செய்யும்போது இருக்கும் அதே இறுக்கத்தில் உள்ளே இருக்க வேண்டும், முனை மட்டும் உள்ளிழுத்திருக்க வேண்டும். மூடி அழுத்தும் அழுத்தத்தில் வார்ப்பிரும்பு மிகக் கொஞ்சம் வளையும், கழற்றிவிட்டுத் தேய்த்தால் நீங்கள் மட்டமாக்குவது வேறு வடிவத்தை. இன்னொன்று, முன்னும் பின்னும் தள்ளும்போது கை அழுத்தம் மாறிமாறி விழுந்து மூக்கும் வாலும் அதிகம் தேய்ந்து, நடுவயிறு புடைத்துவிடும். குமிழையும் பின்பிடியையும் பிடித்து அழுத்தாமல் உடம்பின் நடுவே, தாழ்வாகப் பிடித்துத் தள்ளுங்கள். தாள் மழுங்கினால் மாற்றுங்கள். மூன்று மணி நேரக் கணக்குகளில் பெரும்பகுதி செத்துப்போன தாளில் தேய்த்த நேரம்தான்.

உண்மையைச் சொன்னால் முதலில் இதைத் தொடவே கூடாது. பிளேடை நன்றாகத் தீட்டி, ஒரு நேரான பலகையில் சீவிப் பாருங்கள். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை அறுபடாமல், எழுத்து தெரியும் அளவுக்கு மெல்லிய சுருள் வந்தால் உங்கள் அடிப்பரப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பார்த்துக் கவலைப்படுவது அதற்குப் பிறகு. பக்கச் சுவர்களையும் பளபளப்பாக்குவது அழகுக்கு மட்டும்தான், பலகையின் முனையை நேராக்க இழைப்புளியைப் படுக்கவைத்து ஓட்டும் வேலை இருந்தாலொழிய.

கேள்வி: எல்லாம் செய்தாயிற்று. துரு போயிற்று, பிளேடு முடி வெட்டுகிறது. ஆனால் இரண்டு தள்ளு தள்ளினாலே வாயில் சுருள் அடைத்துக்கொள்கிறது.

பதில்: மேல்தகட்டைப் பாருங்கள். பிளேடின் முதுகில் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கும், முனையில் கூன் விழுந்த அந்தத் தகடு. அதன் முன்விளிம்பு பிளேடின் மேல் இடைவெளியே இல்லாமல் உட்கார வேண்டும். இரண்டையும் இறுக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசிமுனை அளவு ஒளி தெரிந்தாலும் சுருள் அந்தச் சந்தில் நுழைந்து மடங்கும், பிறகு பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் ஏறி உட்காரும். பழைய இழைப்புளிகளில் நூற்றுக்கு நூறு பேர் பிளேடைத் தீட்டுகிறார்கள், இதை யாரும் தொடுவதில்லை.

சரிசெய்ய, கல்லின் ஓரத்தில் மேல்தகட்டின் முன்விளிம்பை வைத்து, வால்பக்கம் கல்லின் மட்டத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி பிடித்துத் தேயுங்கள். அப்போதுதான் முன்விளிம்பின் நுனி மட்டும் பிளேடைத் தொடும். மேலே கூனையும் வழவழப்பாக்கிவிடுங்கள், சுருள் வழுக்கிப் போகட்டும். மாட்டும்போது எவ்வளவு பின்னால் வைப்பது என்று கேட்பீர்கள்: முரட்டுச் சீவலுக்கு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை. கடைசி மழமழப்புக்கு 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர், அதாவது கண்ணுக்கு ஒரு வெள்ளிக் கோடு மட்டும் தெரியும் தூரம். நார் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் முரட்டு மரத்தில் இந்த நெருக்கம் செய்யும் மாயத்தை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். நார் பிய்வது நின்றுவிடும், சுருள் சுருளாமல் நிமிர்ந்து நேரே மேலே எழும்பி வரும். அப்படி வந்தால் இடம் சரி. கசங்கி மடிந்து வந்தால் ரொம்ப நெருக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் அடைத்தால் வாய் ரொம்பச் சிறிதாக இருக்கலாம், ஃபிராக்கைப் பின்னால் நகர்த்துங்கள். அல்லது, தப்பாக நினைக்காதீர்கள், பிளேடை அதிகமாக நீட்டி வைத்திருக்கிறீர்கள்.

கேள்வி: ஐயா, தாத்தா பயன்படுத்திய மர இழைப்புளி பரணில் கிடந்தது. ஆப்பு லொடலொடவென்று இருக்கிறது, உடம்பில் சின்னச் சின்னத் துளைகள், வாய் அகலமாகிவிட்டது. வேலை செய்ய வைக்க முடியுமா, இல்லை அலமாரியில் வைத்துவிடட்டுமா?

பதில்: முதலில் அந்தத் துளைகள். கறுப்புத் தாளின் மேல் இரண்டு வாரம் வையுங்கள். மாவு மாதிரிப் புதுத் தூள் கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது, மற்ற மரச்சாமான் பக்கம் கொண்டுபோகாதீர்கள். காற்றுப் புகாத பையில் சுற்றி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் தீர்ந்துவிடும், வெளியே எடுத்த பிறகு சாதாரண வெப்பத்துக்கு வரும்வரை பையைப் பிரிக்காதீர்கள். தூள் கொட்டவில்லை என்றால் துளைகள் பழைய கதை, விட்டுவிடலாம்.

அடுத்து, உங்களிடம் இருப்பதிலேயே மதிப்பானது பிளேடாக இருக்கலாம். பழைய மர இழைப்புளிப் பிளேடுகள் பல இரண்டு இரும்பைச் சேர்த்து அடித்தவை. பெரும்பகுதி மென்மையான இரும்பு, முதுகுப்பக்கத்தில் முனையை ஒட்டி மெல்லிய உருக்குத் தகடு. சரிவு முகத்தை நன்றாகத் தீட்டினால் இரண்டுக்கும் நடுவே நிறம் மாறும் கோடு தெரியும். அந்த உருக்கு மேலே எவ்வளவு தூரம் மிச்சமிருக்கிறதோ அவ்வளவுதான் ஆயுள். பிளேடு கீழே தடித்து மேலே மெலிந்திருந்தால் தேய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், அப்படித்தான் செய்வார்கள். அதனால் எல்லாப் புதுப் பிளேடும் அந்த ஆப்புக்குப் பொருந்தாது.

ஆப்பு லொடலொடவென்று இருப்பது பெரும்பாலும் மரம் காய்ந்து சுருங்கியதால். பென்சிலைத் தேய்த்துக் கறுப்பாக்கிய பிளேடை மாட்டி, ஆப்பைத் தட்டி இறுக்கிக் கழற்றிப் பாருங்கள், எங்கே கறை ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் தொடுகிறது. அந்த மேட்டை உளியால் வருடுவது மாதிரிச் சீவுங்கள், மறுபடி பாருங்கள். இரண்டு கால்களும் ஒரே அழுத்தத்தில் உட்காரும்வரை. தளர்ச்சி ரொம்ப அதிகம் என்றால் ஆப்பையே புதிதாகச் செய்வது சுலபம், பழையதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஆப்பை எடுக்க அதைப் பிடித்து ஆட்டாதீர்கள். இழைப்புளியின் வால்பக்கத்தில் கொட்டாப்புளியால் ஒரு தட்டு, தானாகத் தளரும்.

வாய் அகலமானதற்குக் காரணம், அடிப்பரப்பைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் வாய் கொஞ்சம் திறக்கும், அதன் உள்வடிவம் மேலே போகப் போக விரிவது. முரட்டுச் சீவலுக்கு அப்படியே இருக்கலாம். நுண்ணிய வேலைக்கு வேண்டுமென்றால் வாய்க்கு முன்னால் கெட்டி மரத்துண்டு ஒன்றைப் பதித்து ஒட்டிச் சின்னதாக்குவார்கள். பொறுமையுள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை அது. உடம்பின் பக்கச் சுவரில், ஆப்பு அழுத்தும் இடத்தில், விரிசல் இருந்தால் மட்டும் அலமாரிக்குப் போகட்டும். எண்ணெயில் ஊறப்போடாதீர்கள், பிறகு பசை ஒட்டாது. மெல்லிய பூச்சாக ஆளிவிதை எண்ணெய் போதும், பூசிய துணியை விரித்துப் போட்டுக் காயவையுங்கள், கசக்கிச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடியது. வேலை முடிந்ததும் ஆப்பைத் தளர்த்தி வைக்கும் பழக்கம் நல்லது.

கேள்வி: இரும்பு இழைப்புளியின் பின்பிடி ஆடுகிறது. ஸ்க்ரூவை முழுக்க இறுக்கியும் ஆடுகிறது.

பதில்: மரம் சுருங்கிக் குட்டையாகிவிட்டது, உள்ளே ஓடும் இரும்புக் கம்பி அதே நீளம். எனவே மேலே இருக்கும் பித்தளை மூடி பிடியை அழுத்துவதற்குமுன் கம்பியின் கடைசி மறையில் முட்டி நின்றுவிடுகிறது. கம்பியைக் கழற்றிக் கீழ் முனையில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அரத்தால் தேய்த்துக் குறையுங்கள், தீர்ந்தது. பிடி உடைந்திருந்தால் உடைந்த முகத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பொருந்தும் வடிவம் போய்விடும். அழுக்கை மட்டும் துடைத்து, பசை போட்டு, சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இழுத்துச் சுற்றி ஒருநாள் விடுங்கள்.

கேள்வி: பழைய கைரம்பம் ஒன்று வளைந்திருக்கிறது. நிமிர்த்த முடியுமா?

பதில்: பற்கள் மேலே இருக்கும்படி பிடித்து, துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல ஒரு கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். முழு நீளத்துக்கும் வில் மாதிரி மெல்ல வளைந்திருந்தால் எதிர்ப்பக்கம் கையால் வளைத்து நிமிர்த்தலாம். ஓரிடத்தில் மட்டும் மடிந்த மாதிரி முறிவு இருந்தால் விட்டுவிடுங்கள், அதைச் சம்மட்டியால் தட்டி எடுப்பது தனி வித்தை. பல் மழுங்கியிருப்பது ஒரு குறையே இல்லை, ரம்பத்தின் உருக்கு அரம் கடிக்கும் அளவு கடினம்தான், முப்பட்டை அரத்தால் தீட்டிக்கொள்ளலாம். ஆனால் பல்வரிசையை ஒட்டி அரிப்புக் குழிகள் இருந்தால் தீட்டும்போது பற்கள் ஒடியும்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஸ்டான்லி, மூக்கில் “பெய்லி” என்று வார்த்திருக்கிறது. நூறு வருஷப் பழமை என்கிறார்கள். தேய்த்துப் புதுப்பித்தால் மதிப்பு குறையுமா?

பதில்: “பெய்லி” என்ற பெயரை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. லியோனார்ட் பெய்லியின் காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது 1869இல். அந்தப் பெயரை மூக்கில் வார்க்க ஆரம்பித்தது 1902 வாக்கில், அதன் பிறகு பல பத்தாண்டுகள் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஃபிராக்குக்குப் பின்னால், உடம்பின் உட்பரப்பைப் பாருங்கள். 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19 என்று மூன்று காப்புரிமைத் தேதிகள் இருந்தால் அது 1910 முதல் 1918 வரையான காலத்தது என்று சேகரிப்பாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். சாதாரண 4ஆம், 5ஆம் எண் இழைப்புளிகள் லட்சக்கணக்கில் வந்தவை, தாராளமாகத் தேய்த்து வேலை வாங்குங்கள். எண் 604, 605 என்று 6இல் தொடங்கினால் அது ஸ்டான்லியின் உயர்ரகமான பெட்ராக் வரிசை, விற்கும் எண்ணம் இருந்தால் உள்ளே இருக்கும் பழைய கறுப்புப் பூச்சைச் சுரண்டாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். எதுவானாலும் கம்பி பிரஷைக் கையில் எடுக்குமுன் அந்தத் தேதிகளையும் பிளேடின் தலையில் இருக்கும் முத்திரையையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், முத்திரைதான் முதலில் அழியும்.